துண்டுபடும் காணி: பங்கீடு பற்றிக் கமக்காரர் அறியவேண்டிய சட்ட விதிகள்

கமக்காரர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் செல்வங்களுள் காணியே தலையாயது. பொன்னும் பணமும் கைமாறிப் போய்விடும். காணி நிலைத்து நின்று தலைமுறை தலைமுறையாகச் சோறு போடும் என்பது கிராமத்தவர் யாவரும் கொண்ட துணிபாகும். ஆயினும் காணியும் தேய்ந்துபோகக் கூடியதே. தந்தையின் வயல் மக்களுக்குள்ளும், அவர்தம் பங்கு பேரர்களுக்குள்ளும், மீண்டும் அப்பங்கு அவர் மக்களுக்குள்ளும் கூறுபடுமாயின், மண்ணின் அளவு குறையாதிருந்தும் அம்மண்ணால் ஒரு குடும்பம் பிழைக்க முடியாத நிலை உண்டாகின்றது.

காணியை எவ்வளவு சிறிதாகப் பிரிக்கலாம், யார் பிரிக்கலாம், எவ்வாறு பிரித்தால் அது செல்லும் என்பனவற்றிற்குச் சட்டத்தில் விதிகள் உள. அவ்விதிகள் எல்லாக் காணிகளுக்கும் ஒன்றல்ல. அரசு அளித்த காணிக்கு ஒரு விதி; உறுதிக்காணிக்கு வேறொரு விதி; வட மாகாணத்துத் தேசவழமைக் காணிக்கு மேலும் ஒரு விதி. இவ்வேறுபாட்டை அறியாது வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே பங்கு சொல்லிவிடுவதனால் உடன்பிறந்தார் நீதிமன்ற வாயிலில் நிற்க நேரிடுகின்றது.

பங்கு பெருகப் பயன் சுருங்கும்

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் நன்று. 330 அடி அகலமும் 660 அடி நீளமும் உடைய ஒரு வயலின் பரப்பளவு சரியாக 5 ஏக்கர், அதாவது 800 பேர்ச் ஆகும். அதன் உடையவருக்கு நான்கு மக்கள் இருப்பின் ஒவ்வொருவர்க்கும் 200 பேர்ச், அதாவது ஒன்றேகால் ஏக்கர் கிடைக்கும். அந்நால்வர்க்கும் நந்நான்கு மக்கள் இருப்பின் ஒரு பேரனுடைய பங்கு 50 பேர்ச் ஆகிவிடும். அடுத்த தலைமுறையிலும் அவ்வாறே பிரிந்தால் ஒருவர்க்கு வருவது 12½ பேர்ச். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கணக்கிற் சொல்வதாயின் ஒன்றேகாற் பரப்பு. 5 ஏக்கர் உழுத ஒருவருடைய கொள்ளுப்பேரன் ஒன்றேகாற் பரப்பு வயலுக்கு உடையவனாகின்றான்.

கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. எல்லாப் பங்குகளும் வாய்க்காலைத் தொடவேண்டும் என்பதற்காக வயலை நீளவாட்டிற் பிரிப்பதே வழக்கம். பதினாறு பங்காகப் பிரித்தால் பங்குகளுக்கிடையில் 660 அடி நீளமான 15 எல்லை வரம்புகள் வேண்டும். வரம்பொன்றின் அகலம் ஒன்றரை அடி எனக் கொண்டால், அவ்வரம்புகள் மாத்திரம் 14,850 சதுர அடி, ஏறக்குறைய 54½ பேர்ச் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பேரனுடைய பங்கிலும் அதிகமான நிலம் வரம்பாகிப் பயிரின்றிக் கிடக்கும். எலி வளைகளுக்கும் களைகளுக்கும் அவ்வரம்புகளே உறைவிடமுமாகும்.

பதினாறில் ஒரு பங்கின் அகலம் இருபதரை அடிக்குச் சற்று அதிகம். நான்கு சக்கர உழவு இயந்திரமோ அறுவடை இயந்திரமோ அதனுள் இறங்கி இடையூறின்றித் திரும்புதல் அரிது. அடுத்த தலைமுறையிலும் அதனை நீளவாட்டிலேயே பிரித்தால் அகலம் ஐந்தடியாகும். ஐந்தடி அகலமும் 660 அடி நீளமும் உடைய அந்த நாடாவை மண்வெட்டியாற் கொத்துதலன்றி வேறு வழியில்லை. நீளவாட்டை விட்டுக் குறுக்கே பிரித்தால் வேறொரு தொல்லை உண்டு. கீழ்ப்பங்குகாரர் மேற்பங்குகாரரின் வயலூடாகவே நீரைப் பெறவேண்டியிருக்கும். மேலே இருப்பவர் பசளையிட்டு நீரை மறித்துவைத்த நாளிற் கீழே இருப்பவரின் பயிர் வாடும்.

தோட்டக் காணியிலும் இதே நிலைதான். நான்கு பரப்புத் தோட்டத்தை நால்வர் பிரித்துக்கொள்ளலாம். ஒரு கிணற்றை நான்காக வெட்ட முடியாது. கிணற்றிற் பங்கும், இறைப்பு முறையும், வழி வாய்க்காலும் தெளிவாக எழுதப்படாத பங்கீடு வெங்காயமும் மிளகாயும் காயும் கோடைக்காலத்தில் சண்டையாகவே முடியும்.

அரசு அளித்த காணியில் உள்ள வரையறை

குடியேற்றத் திட்டங்களிலும் கிராம விரிவாக்கங்களிலும் கமக்காரர்க்கு வழங்கப்பட்ட காணிகளிற் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவையாகும். 1927 ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் விதப்புரைகளைப் பின்பற்றி, திரு. டி. எஸ். சேனாநாயக்க அவர்கள் கமத்தொழில், காணி அமைச்சராக இருந்த காலத்தில் இச்சட்டம் இயற்றப்பட்டது. அரசு கொடுக்கும் காணி கடன்காரர் கைக்குச் செல்லாமலும், கூறுகூறாகச் சிதையாமலும் உழுபவர் குடும்பத்திலேயே நிற்றல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இச்சட்டத்தின்கீழ் முதலில் உத்தரவுப் பத்திரமும், காணியைத் திருத்திப் பயிரிட்டு நிபந்தனைகளை நிறைவேற்றியபின் அளிப்புப் பத்திரமும் வழங்கப்படும். அளிப்புப் பத்திரத்தைப் பெற்றவர் காணியின் உடையவராவார். ஆயினும் பத்திரத்தில் எழுதப்பட்ட சில கட்டுப்பாடுகள் அவரையும் அவருக்குப்பின் வருவோரையும் பிணிக்கும். அவற்றுள் இரண்டு இக்கட்டுரைக்கு முக்கியமானவை. ஒன்று, அக்காணியைப் பிரிக்கத்தகும் மிகக் குறைந்த அளவு. அவ்வளவிற் குறைந்த ஒரு துண்டுக்கு எவரும் தனியுடையவராதல் இயலாது. மற்றது, பிரிக்காமல் பொதுவாக ஆளும்போது ஒருவர் வைத்திருக்கத்தகும் மிகக் குறைந்த பங்கு. அதனிற் குறைந்த பங்கையும் எவருக்கும் கொடுத்தல் இயலாது.

இக்காணியை விற்பதற்கும் நன்கொடையாகக் கொடுப்பதற்கும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலமான சம்மதத்தை முன்னரே பெறுதல் வேண்டும். முற்காலத்தில் அரசாங்க அதிபர் செய்துவந்த இப்பணியை இன்று பிரதேச செயலாளரே செய்கின்றார். சட்டத்துக்கு மாறாகச் செய்யப்பட்ட கைமாற்றம் வெற்றும் வறிதுமானதாகும். அதாவது அது நடைபெறாததற்கே சமம். அத்தகைய உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தலும் ஆகாது. பணம் கொடுத்து வாங்கியவரும், அன்பாகக் கொடுக்கப்பெற்றவரும் ஒருங்கே ஏமாறுவர்.

ஆரம்பகாலக் குடியேற்றங்களிற் பொதுவாக 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுக்கப்பட்டன. பின்னர் அது 3 ஏக்கர் வயலும் 2 ஏக்கர் மேட்டுக்காணியுமாகக் குறைந்தது. மகாவலித் திட்டத்தில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக்காணியும் கொடுக்கப்பட்டன. ஒரு குடும்பம் தன் உழைப்பாற் செய்து பிழைக்கத்தக்க அளவு இதுவெனக் கணித்தே அவ்வளவுகள் வகுக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு அளந்த காணியில் மூன்று குடும்பங்கள் ஏறினால் மூன்றும் வெளியிற் கூலி தேடுதல் தவிர்க்க முடியாததாகும்.

ஒரு குடும்பத்தின் நிலை

குடியேற்றத் திட்டமொன்றில் 3 ஏக்கர் வயலும் 2 ஏக்கர் மேட்டுக்காணியும் அளிப்புப் பத்திரத்தின்மூலம் பெற்ற ஒரு கமக்காரரை உதாரணமாகக் கொள்க. அவருக்கு இரு ஆண்மக்களும் ஒரு மகளும் உளர். பத்திரம் கிடைத்த ஆண்டில் மூத்த மகனையே பின்னுரித்தாளராக நியமித்துப் பதிவு செய்திருந்தார். காலம் செல்ல இளையவனும் வீட்டோடு நின்று உழைத்தான். மகளும் கலியாணம் செய்து அயலிலேயே குடியிருந்தாள். முதுமையில் நோயுற்ற தந்தை மக்களை அழைத்துப் பங்கு சொன்னார்.

“பெரியவன், வாய்க்காலோரத்து வயல் உனக்கு. கீழ்வயல் தம்பிக்கு. தங்கச்சிக்கு மேட்டுக்காணியில் அரை ஏக்கர் விட்டுக்கொடுங்கோ. ஒரு கடதாசியில் எழுதி மூன்று பேரும் ஒப்பம் வையுங்கோ.”

“அப்பு, செயலகத்துக்குப் போய்ப் பத்திரத்தில் மாற்றினால் நல்லதல்லோ?” என்றான் இளையவன்.

“என் பிள்ளைகளுக்குள்ளே பத்திரம் எதற்கு? அண்ணன் உன்னைக் கைவிடுவானோ?”

அண்ணன் கைவிடவில்லை. தந்தையும், அவருக்குப்பின் தாயும் காலமாகினர். இளையவன் கீழ்வயலை மட்டப்படுத்தி, வடிகால் வெட்டி, கடன்பட்டுக் கிணறும் தோண்டினான். மகள் அரை ஏக்கரிற் கல்வீடு கட்டினாள். மூத்தவர் உயிரோடிருந்த காலமெல்லாம் ஒரு சொல்லும் எழவில்லை. அவர் மறைந்தபின் காணி அவருடைய மகன் பெயருக்கு வந்தது. அவன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தான். அதில் 5 ஏக்கரும் தன் தந்தை பெயரிலேயே இருந்தன. சிறிய தந்தை காட்டிய கடதாசி உத்தியோகத்தர் முன்னிலையிற் செல்லவில்லை. பதிவு செய்த நியமனம் நின்றது. வாய்ச்சொல்லும் வெறுங் கடதாசியும் நிற்கவில்லை. பல ஆண்டுகள் ஒரு வயலைத் தன் வயலென்று உழுதவர் முதிர்ந்த வயதில் அண்ணன் மகனின் தயவை எதிர்பார்த்து நிற்கவேண்டியவரானார்.

இங்கே தீயவர் எவருமிலர். தந்தை மக்கள்மீது வைத்த நம்பிக்கையும் பிழையன்று. அந்நம்பிக்கை ஒரு தலைமுறைக்குப் போதுமானதாயிருந்தது. காணியோ பல தலைமுறைக்கு உரியது.

பின்னுரித்தாளர் நியமனம்

மேற்கூறிய நிலை உண்டாகாதிருக்கக் கமக்காரர் கவனிக்கவேண்டிய விதிகள் பின்வருவன.

பின்னுரித்தாளராக வாழ்க்கைத் துணையையோ, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிற் சொல்லப்பட்ட உறவினர் ஒருவரையோ நியமிக்கலாம். நியமனமும், முன்னைய நியமனத்தை நீக்குதலும், உடையவர் உயிரோடிருக்கும்போதே முறைப்படி பதிவு செய்யப்படல் வேண்டும். அவர் இறந்தபின் கொண்டுவரப்படும் பத்திரம் பயன்படாது. முதலில் நியமித்தவரை மாற்றவேண்டுமெனின் மாற்றலாம், அதற்குத் தடையில்லை. பல குடும்பங்களில் நேரும் தவறு யாதெனில், பத்திரம் கிடைத்த நாளிற் செய்த நியமனத்தைப் பின்னர் ஒருமுறையும் எடுத்துப் பாராமையே.

உடையவர் இறந்தால் அவரின் மனைவி அல்லது கணவர், நியமிக்கப்படாதவராயினும், முதலில் காணிக்கு உரித்துடையவராவர். ஆனால் நியமிக்கப்படாத துணைவர் காணியைக் கைமாற்றவோ, புதிய பின்னுரித்தாளரை நியமிக்கவோ இயலாது. ஆதலின் தந்தை செய்யாது விட்டதைத் தாய் செய்து முடிப்பார் என்று எண்ணியிருத்தலாகாது.

உரித்து வந்தடைந்தவர் 6 மாதத்துள் காணியை ஏற்று ஆட்சி செய்யாவிடின் அவ்வுரிமையை இழக்கவும் நேரிடும். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் மகனை நியமித்தவர்கள் இதனை மறத்தலாகாது.

நியமனம் எதுவும் இன்றி உடையவரும் துணைவரும் இறப்பின், அட்டவணையின் ஒழுங்குப்படியே காணி செல்லும். மக்கள் யாவருக்கும் சம பங்கு என்ற பொது வழக்கம் இங்கு இல்லை. அவ்வட்டவணையில் ஆண்மக்கள் பெண்மக்களுக்கு முன்வைக்கப்பட்டிருந்தனர். 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வேற்றுமையை நீக்கியது. தந்தையுடன் நின்று காணியைச் செய்த மகளுக்கு இது பெரும் பாதுகாப்பாகும். எனினும் அட்டவணையை நம்பியிராது, காணியை உண்மையிற் செய்பவர் யாரோ அவரை நியமித்தலே சிறந்தது.

ஒருவருக்கு மேற்பட்டோர்க்குக் காணியைப் பங்கிட எண்ணுபவர் முதலில் தம் பத்திரத்திற் குறிக்கப்பட்ட குறைந்த அளவைப் பார்த்து, பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் உசாவுதல் வேண்டும். பத்திரம் பிரிக்க இடந்தராவிடின், காணியை ஒருவருக்கும் வேறு சொத்தையோ பணத்தையோ ஏனையோர்க்கும் ஒதுக்குதலே வழியாகும்.

2024 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட ‘உறுமய’ திட்டத்தின்கீழ் சிலர்க்கு முழு உரித்துறுதிகள் வழங்கப்பட்டன. ஆதலின் தம் பெட்டகத்தில் இருப்பது உத்தரவுப் பத்திரமா, அளிப்புப் பத்திரமா, முழு உரித்துறுதியா என்று பார்த்தறிதல் ஒவ்வொரு கமக்காரரதும் முதல் வேலையாகும். முழு உரித்து வந்தவிடத்துப் பழைய வேலி நீங்கிவிடும்; காணி சிதையாமற் காக்கும் பொறுப்பு அப்போது குடும்பத்தவர் கையிலேயே தங்கும்.

உறுதிக்காணியிற் பொதுவுடைமை

பரம்பரையாக வந்த உறுதிக்காணியில், அளிப்புப் பத்திரத்திற் காண்பதுபோன்ற குறைந்த அளவு எழுதப்படுவதில்லை. அதனாற் பங்கு எண்ணால் எவ்வளவும் சிறுக்கலாம். “அறுபத்துநான்கில் ஒரு பங்கு” என்றும் “நான்கிலொன்றின் எட்டிலொன்று” என்றும் உறுதிகளிற் காணப்படுவது இதனாலேயே. இப்பங்கு நிலத்தில் ஓரிடத்தைக் குறிப்பதன்று. காணி பிரிக்கப்படும்வரை ஒவ்வொரு பங்காளியும் காணி முழுவதிலும் தம் பின்னப் பங்குக்கு உடையவராவர். எவரும் “இந்த மூலை எனது” என்று சட்டப்படி சொல்லல் இயலாது.

பங்காளி ஒருவர் நெடுங்காலம் ஓர் இடத்தைத் தனியே செய்துவந்தாற் பத்து ஆண்டு ஆட்சியால் அது தமதாகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திற் பத்து ஆண்டு என்ற காலம் உண்மையிற் சொல்லப்பட்டுள்ளது. ஆனால் பங்காளி ஒருவரின் ஆட்சி மற்றைப் பங்காளிகளுக்காகவும் செய்யப்படும் ஆட்சியே என்று இலங்கை வழக்கொன்றிற் பிரிவிக் கவுன்சில் 1911 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மற்றையோரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து ஆண்டமை காட்டப்படாதவிடத்துப் பத்து ஆண்டு கழிந்தமை மாத்திரம் போதாது. கொழும்பில் வசிக்கும் தமையனின் பங்கையும் சேர்த்து உழுதுவரும் தம்பி இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பங்காளிகள் மனமொத்துப் பிரிப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது. அதற்கு மூன்று படிகள் உள. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து படம் வரைவித்தல் முதற்படி. அப்படத்தின் துண்டுகளை ஒவ்வொருவர்க்கும் ஒதுக்கி, நொத்தாரிசு முன் பங்கீட்டு உறுதி முடித்தல் இரண்டாம் படி. அவ்வுறுதியைக் காணிப் பதிவகத்திற் பதிவித்தல் மூன்றாம் படி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி கைமாறுதல் நொத்தாரிசு உறுதியாலன்றிச் செல்லாது. வெறுங் கடதாசிப் பங்கீட்டுக்கு நம்பிக்கையன்றி வேறு காவலில்லை.

சில இடங்களிற் காணியைப் பிரிக்காது தட்டுமாறு முறையில், ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்துச் செய்வதுண்டு. இதனால் வயல் துண்டுபடாது நிற்கும் என்பது உண்மையே. ஆனால் நால்வர் பங்காளிகளாயின் ஒருவர்க்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறையே முறை வரும். அந்நால்வரின் மக்கள் நந்நால்வராயின் பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை. அடுத்த ஆண்டு வேறொருவர் செய்யப்போகும் வயலுக்குப் பசுந்தாட் பசளை இடுபவரும், வரம்பு கட்டுபவரும், வடிகால் துப்புரவாக்குபவரும் அரியர். வயல் ஒன்றாயிருந்தும் அதற்குத் தாயும் தந்தையும் இல்லாத நிலை உண்டாகின்றது.

தேசவழமைக் காணி

வட மாகாணத்திலே தேசவழமை ஆளும் காணிகளில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் பிரிவுகளை யாவரும் அறிவர். 1706, 1707 ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் காலத்திற் தொகுக்கப்பட்ட இவ்வழமை 1806 ஆம் ஆண்டிற் பிரித்தானிய ஆட்சியினராலும் சட்டமாக ஏற்கப்பட்டது. பங்கீடு பற்றி இவ்வழமையிலுள்ள மிகப் பயனுடைய விதி முற்கொள்வனவு உரிமையாகும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. பிரிக்கப்படாத பங்கை விற்க எண்ணுபவர் முதலில் மற்றைப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்து, அவர்கள் வாங்குவதற்கு வாய்ப்பளித்தல் வேண்டும். அவ்வாறின்றி அந்நியர்க்கு விற்றால், பங்காளி நீதிமன்றம் சென்று அப்பங்கைத் தாமே பெற்றுக்கொள்ள வழக்கிடலாம்.

சிதறிய பங்குகளை ஒருவர் கையில் மீண்டும் சேர்த்தற்கு இவ்விதி ஓர் அரிய வாய்ப்பாகும். வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தார் தம் பங்கை விற்கும்போது, காணியைச் செய்துவரும் பங்காளி முன்வந்து வாங்கினால் ஒரு பரப்பாய் இருந்தது இரண்டாகும். சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்க்கே இவ்வுரிமை பயன்படும் என்பதையும் கூறவேண்டியதில்லை.

பங்கு வழக்கு

மனமொத்துப் பிரிக்க முடியாதவிடத்து, 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் எந்தப் பங்காளியும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். அவருடைய பங்கு எவ்வளவு சிறிதாயினும் தடையில்லை. வழக்குக் காணிப் பதிவகத்திற் பதியப்பட்டபின், இறுதித் தீர்ப்புவரை எவரும் தம் பங்கை விருப்பப்படி கைமாற்றுதல் ஆகாது. நீதிமன்றம் நில அளவையாளருக்குக் கட்டளை அனுப்பி அளப்பிக்கும். உரித்துக்களை விசாரித்து இடைக்காலத் தீர்ப்பளிக்கும். பின்னர்ப் பங்கீட்டுப் படத்தை ஏற்று இறுதித் தீர்ப்பு வழங்கும். அத்தீர்ப்பு வழக்காளிகளை மாத்திரமன்றி உலகத்தார் அனைவரையும் பிணிக்கும் வலிமையுடையது.

கமக்காரர்க்கு ஆறுதலான விதி ஒன்றும் அச்சட்டத்தில் உண்டு. பங்காளி ஒருவர் காணியின் ஒரு பகுதியைத் திருத்தி, கிணறு வெட்டி, மரம் நட்டிருந்தால், இயன்றவரை அப்பகுதியே அவர் பங்கில் வருமாறு அளவையாளர் பிரித்தல் வேண்டும். ஆகவே செய்த திருத்தங்களுக்குரிய பற்றுச்சீட்டுகளைக் காத்து வைத்தல் நன்று.

காணியைப் பிரித்தாற் பயன்படாது என்று கண்டால் விற்றுப் பணத்தைப் பங்கிடுமாறும் நீதிமன்றம் கட்டளையிடலாம். விற்பனை முதலிற் பங்காளிகளுக்குள் நடைபெறும். அவர்கள் வாங்காவிடிற் பகிரங்க ஏலத்துக்குச் செல்லும். பங்கு வழக்குகள் பல ஆண்டுகள் நீடிப்பதுண்டு. அளவைக் கூலியும் வழக்குச் செலவும் சிறிய காணியின் பெறுமதியை அரித்துவிடும். அவ்வாண்டுகளில் வேலி சாயும், கிணறு தூர்ந்துபோகும், உடன்பிறந்தார் ஒருவர் வீட்டுச் சடங்குக்கு மற்றவர் செல்லார்.

வயலை மனைகளாகப் பிரித்தல்

பங்கு சிறுத்துப் பயிருக்கு உதவாத நிலை வந்ததும் வயலை நிரப்பி வீட்டு மனைகளாக விற்கும் எண்ணம் எழுகின்றது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதலும் வேறு தேவைக்குப் பயன்படுத்தலும் குற்றமாகும். மேட்டுக்காணியை மனைகளாகப் பிரிப்பதற்கும் உள்ளூராட்சி மன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். ஒரு வயல் நிரப்பப்பட்டால் அதனோடு அடுத்த வயல்களின் வடிகாலும் அடைபடும். மாரியில் வெள்ளம் தேங்கி அயலார் பயிர் அழுகும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. காணிப் பத்திரங்கள் யாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, எக்காணி எச்சட்டத்துக்கு உட்பட்டது என்பதைக் குடும்பத்தவர் அனைவர்க்கும் அறியத்தருக.

2. அளிப்புப் பத்திரமாயின், பிரிக்கத்தகும் குறைந்த அளவையும், பதிவிலுள்ள பின்னுரித்தாளர் பெயரையும் இவ்வாண்டே பார்த்துக்கொள்க. மாற்றவேண்டின் உடல்நலம் உள்ளபோதே மாற்றுக.

3. காணியைப் பிரிப்பதன்முன் விளைச்சலையும் பணத்தையும் பிரிக்கும் வழிகளை ஆராய்க. காணியைச் செய்பவர் அதனை முழுதாக ஏற்று, ஏனையோர்க்குரிய பெறுமதியைப் போகந்தோறும் தவணையாகக் கொடுத்தல் ஒரு நல்வழியாகும். உறுதிக்காணியில் இவ்வுடன்படிக்கையை நொத்தாரிசு மூலம் எழுதுக. அரசு அளித்த காணியாயின் எதனையும் செய்வதன்முன் பிரதேச செயலாளரிடம் கேட்டறிக. அங்கே குத்தகைக்குக் கொடுத்தலும் கைமாற்றமாகவே கொள்ளப்படும்.

4. வயலும் தோட்டமும் பல இடங்களிற் கிடப்பின், ஒவ்வொன்றையும் எல்லோர்க்கும் கூறிடாது, வயலை ஒருவர்க்கும் தோட்டத்தை மற்றவர்க்குமாக முழுதாகக் கொடுக்க முயலுக. முன்னரே சிதறிய உறுதிக்காணித் துண்டுகளைப் பங்காளிகள் தமக்குள் மாற்று உறுதி எழுதி ஒன்றாக்கலாம்.

5. பிரித்தே ஆகவேண்டுமெனின் ஒவ்வொரு துண்டும் வாய்க்காலையும் பாதையையும் தொடுமாறு அளப்பிக்குக. கிணற்றுப் பங்கு, இறைப்பு நாள், வழி வாய்க்கால், வடிகால் ஆகியவற்றை உறுதியிலேயே எழுதுவிக்குக.

6. காணி கைமாறியபின் கமநல சேவை நிலையத்தின் கமக்காணிப் பதிவேட்டிலும் பெயரைத் திருத்துவிக்குக. பசளை மானியத்துக்கும் பயிர்க் காப்புறுதிக்கும் அலையும் துன்பம் இதனாற் குறையும்.

பிள்ளைகள் அனைவர்க்கும் சமமாகக் கொடுத்தல் வேண்டும் என்று பெற்றோர் எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணத்தை எவரும் குறைகூறார். ஆனால் பெறுமதியிற் சமமாகக் கொடுத்தல் வேறு. நிலத்தைச் சமமாக வெட்டுதல் வேறு. ஐந்தடி அகல நாடாக்களை நால்வர்க்கும் ஒப்பக் கொடுத்த தந்தை நால்வர்க்கும் ஒன்றுமே கொடாதவராவர். வயல் முழுதாக நிற்க, அதன் பயன் நால்வரையும் சென்றடையும் வழியைத் தாம் பேசத்தக்க காலத்தில் பேசி, எழுதத்தக்க இடத்தில் எழுதிவைத்தவரே தம் மக்களுக்குக் காணியோடு உறவையும் விட்டுச்சென்றவராவர். பெரும்போக அறுவடை முடிந்து மக்கள் யாவரும் வீட்டிற் கூடியிருக்கும் ஒருநாள் இதற்குப் போதும்.